பழைய போட்டோவைத் திருப்பிப் பாருங்கள்

பூர்வீகம் தேடுகிறவர்கள் கையில் பழைய குடும்பப் படம் கிடைத்தால் உடனே முகங்களை உற்றுப் பார்க்கிறார்கள். "மூக்கைப் பாரு, நம்ம பெரியப்பா மூக்கு" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் தலையாட்டுவார், மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது கொள்ளுத்தாத்தா படம் என்று முடிவாகிவிடும். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல, அந்த ஆளை நேரில் பார்த்தவர் வேண்டும். 1930-ல் நாற்பது வயதுக்காரராக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அறிந்தவர் இன்று அநேகமாக இருக்க மாட்டார். ஆனால் படம் எந்த ஊரில், எந்த ஸ்டுடியோவில், எந்தக் காலத்தில், என்ன காரியத்துக்காக எடுக்கப்பட்டது என்பதை ஆள் யாரென்றே தெரியாமலும் கண்டுபிடிக்க முடியும். இந்த நான்கும் கிடைத்தால் அவர் யாராக இருக்கலாம் என்ற பட்டியல் இரண்டு மூன்று பேருக்குள் வந்துவிடும். முகத்தை அதற்கப்புறம் பாருங்கள்.

சுவரில் மாட்டிய படமாக இருந்தால் முதலில் சட்டத்தைக் கழற்ற வேண்டும். பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே மெல்லிய பலகையோ அட்டையோ வைத்து, சிறு ஆணிகள் அடித்திருப்பார்கள். ஆணி துருப்பிடித்திருக்கும். நெம்பினால் தெறிக்கும், குறடால் இழுக்க வேண்டும். படத்தைக் குப்புறப் போட்டு, பலகையை எடுத்துவிட்டு, படத்தின் ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வந்தால் நல்லது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஈரம் பட்டு இளகிய ஜெலட்டின் பூச்சு கண்ணாடியில் பிடித்துக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உரித்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதன் வழியாகவே படம்பிடித்துக்கொள்வதுதான் வழி. கண்ணாடியில் உள்ள சந்தனம், குங்குமத்தைத் துடைக்கும்போது துணியை மட்டும் நனையுங்கள். கண்ணாடி மேல் தண்ணீர் தெளித்தால் அது விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

கழன்று வந்த படத்தின் பின்புறத்தையும் அட்டையின் விளிம்புகளையும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஸ்டுடியோ பெயர் பெரும்பாலும் கீழ் வலது மூலையில் மையில்லாமல் புடைப்பு முத்திரையாக இருக்கும். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. டார்ச்சைப் படத்துக்கு இணையாகப் படுக்க வைத்தால் எழுத்து எழுந்து நிற்கும். சட்டம் போட்ட கடைக்காரர் சட்டத்துக்குள் அடக்குவதற்காக அட்டையை வெட்டியிருந்தால் முத்திரையும் பாதி போயிருக்கும். மிஞ்சிய மூன்று எழுத்தும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரி என்பது நல்ல நாட்காட்டி. ஸ்டுடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. "மெட்ராஸ்-5" மாதிரி ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பை மாற்றாமல் பல வருஷம் ஓட்டியவர்களும் உண்டு. "தமிழ்நாடு" என்று மாநிலப் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தால் 1969 ஜனவரியையும், "சென்னை" என்பது ஆங்கில எழுத்தில் இருந்தால் 1996-ஐயும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மாவட்டப் பெயர் இன்னும் கூர்மையானது. தருமபுரி மாவட்டம் 1965-லும், புதுக்கோட்டை 1974-லும், பெரியார் மாவட்டம் என்ற பெயரில் ஈரோடு 1979-லும், திண்டுக்கல் 1985-லும், தூத்துக்குடி 1986-லும் உருவானவை. தூத்துக்குடி ஸ்டுடியோ "திருநெல்வேலி ஜில்லா" என்று போட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. படத்தோடு ரசீதோ நெகட்டிவ் உறையோ இருந்தால் விலையையும் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு, "ந.பை." (நயா பைசா) என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை.

பின்னால் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அது தமிழ் வருஷமாக இருக்க வாய்ப்பு அதிகம். "விஜய வருஷம் தை மாதம்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விஜய வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1893, 1953, 2013. ஸ்டுடியோ முத்திரையும் காகிதமும் நடுவிலுள்ளதைக் காட்டினால் 1953. ஆனால் வருஷம் பிறப்பது சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில். தை அதற்கடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே படம் 1954 ஜனவரி-பிப்ரவரி. இந்த ஒரு வருஷ வித்தியாசம், "கல்யாணம் 53-லயா 54-லயா" என்று வீட்டில் நடக்கும் பல வாக்குவாதங்களைத் தீர்த்துவிடும். பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) எண் இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1360 என்பது 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கத்துப் படத்தில் கொல்லம் ஆண்டு இருந்தால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825-ஐக் கூட்ட வேண்டும்.

எழுத்தே இல்லாத படத்தில் காகிதம் பேசும். மெல்லிய தாள், தடித்த அட்டையில் முழுசாக ஒட்டப்பட்டு, பழுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் காகித நார் தெரிகிறதா? அது முட்டை வெண்கருப் பூச்சில் அச்சிட்ட ஆல்புமென் படம், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு. அட்டை 64 x 100 மில்லிமீட்டர் இருந்தால் கார்ட்-டி-விசிட், 108 x 165 இருந்தால் கேபினட். கேபினட் என்ற சொல் அளவின் பெயராக நம் ஊர் ஸ்டுடியோக்களில் வெகுகாலம் தங்கிவிட்டதால், வீட்டில் யாராவது "கேபினட் சைஸ்" என்று சொன்னதை வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள். நார் தெரியாமல் வழவழப்பாக இருந்து, விளிம்பை ஒட்டிய கறுப்புப் பகுதியில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தால் அது ஜெலட்டின் தாள். இருபதாம் நூற்றாண்டுப் படங்களில் மிகப் பெரும்பான்மை அதுதான். அந்தப் பளபளப்பை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள், அது படத்திலிருந்தே மேலே வந்த வெள்ளி. 6 x 6 சென்டிமீட்டர் சதுரப் படங்கள் வெள்ளை விளிம்போடு கட்டாகக் கிடைத்தால் ஆக்பா கிளிக் 3 போன்ற வீட்டு கேமரா; 1960-களிலும் 70-களிலும் நடுத்தரக் குடும்பங்களில் அது புழங்கியது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆகவே அதன் வணிகப் பெயரான 'இந்து' (Indu) அச்சான தாளோ உறையோ அதற்குப் பிந்தையதுதான்.

படுதா என்கிற கைரேகை

ஸ்டுடியோவின் பெயர் எங்கேயும் இல்லை என்றால் படுதாவுக்கு, அதாவது ஆளுக்குப் பின்னால் தொங்கும் ஓவியத் திரைக்குப் போங்கள். வெளியே இருக்கும் ஆவணத் தொகுப்புகள் குடும்பத் தேடலுக்கு உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் (Endangered Archives Programme, EAP) உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. திட்ட எண் EAP737. அந்த எண்ணைப் போட்டு அத்திட்டத்தின் தளத்தில் தேடினால் இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே போனதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆட்களின் பெயர் பெரும்பாலும் கிடையாது. தாத்தா பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. ஸ்டுடியோவும் ஊரும்தான் அங்கே பிடி. உங்கள் சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த சந்தை ஊர் எதுவோ, அந்த ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எடுத்த படங்களை எல்லாம் வரிசையாகப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள்.

பழைய ஸ்டுடியோக்காரர் ஒரு படுதாவைச் செலவு செய்து எழுதி வாங்கினால் அது கிழியும் வரை மாற்ற மாட்டார். தூண், படிக்கட்டு, தூரத்தில் ஓர் ஏரி, பூந்தொட்டி என்று ஓவியம் எல்லா ஊரிலும் ஒன்று போலவே இருக்கும், அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. பார்க்க வேண்டியது படுதாவின் குறைகளை. சுருட்டி வைத்ததால் குறுக்கே விழுந்த மடிப்புக் கோடு, தண்ணீர் ஒழுகிய கறை, ஓரத்தில் ஒட்டுப் போட்ட இடம். இவை இரண்டு படங்களில் ஒரே இடத்தில் இருந்தால் அது ஒரே படுதா. அடுத்தது தரை. சதுரங்கக் கட்டம் போட்ட தரை விரிப்பின் கிழிசல், டீப்பாயின் கால் கடைசல், செதுக்கிய நாற்காலியில் உடைந்துபோன ஒரு பூ. ஒரே படுதா, ஒரே நாற்காலி, ஆனால் மடிப்புக் கோடு ஒன்றில் மெல்லியதாகவும் மற்றதில் அகலமாகவும் இருந்தால், எது முந்தையது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் தேதியற்ற படம், தேதி தெரிந்த இரண்டு படங்களுக்கு நடுவே போய் உட்காரும்.

வெளிச்சமும் துணை செய்யும். மின்சாரம் வராத காலத்தில் ஸ்டுடியோவின் கூரையிலும் ஒரு பக்கச் சுவரிலும் கண்ணாடி வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். நிழல் மெத்தென்று இருக்கும். மின்விளக்குக்கு வந்த பிறகு படுதா மேல் தலையின் நிழல் கூர்மையாக விழ ஆரம்பித்தது. கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னலா விளக்கா என்று கூடத் தெரியும்.

கோயில் வாசலிலோ தெப்பக்குளத்திலோ எடுத்த படமாக இருந்தால் அதே நிறுவனத்தின் கோயில் படத் தொகுப்பு இருக்கிறது. 1950-களின் மத்தியிலிருந்து எடுத்தவை, ஒரு லட்சத்துக்கும் மேல். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தைப் புதுப்பித்தபோது சுதை மாறியிருக்கும், முன்மண்டபம் சேர்ந்திருக்கும், வர்ணம் ஏறியிருக்கும். இன்று நேரில் போய் "இந்தக் கோயில் இல்லையே" என்று திரும்பி வந்தவர்களுக்கு அந்தத் தொகுப்பு கைகொடுக்கும். அதற்கும் முந்தைய, லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்த 1858-ஆம் ஆண்டு மதுரை, தஞ்சைப் படங்களில் இடங்கள் அற்புதமாக இருக்கின்றன, ஆட்கள் அநேகமாகக் கிடையாது. அக்காலத்து நெகட்டிவுக்குப் பல விநாடி வெளிச்சம் வேண்டும், நடமாடுகிறவர் பதிய மாட்டார். குடும்பத் தேடலுக்கு அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கோட்டும் ஒட்டுப்படமும்

ஆடையை வைத்துக் காலமும் அந்தஸ்தும் சொல்வதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கோட்டு, டை, கைக்கடிகாரம், சட்டைப்பையில் பேனா எல்லாவற்றையும் ஸ்டுடியோவே வைத்திருந்தது. உள்ளே வேட்டி, மேலே கோட்டு. அடுத்து வந்தவருக்கும் அதே கோட்டு. அதே தொகுப்பில் வேறொருவர் தோளிலும் அந்தக் கோட்டைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஸ்டுடியோவை உறுதி செய்ய இன்னொரு சான்று கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒட்டுப்படம். ஒருவர் இறந்த பிறகு மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும், தனிப்படம் இல்லை. கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் தலையை மறுபடம் எடுத்துப் பெரிதாக்கி, தோளுக்குக் கீழே கோட்டை வரைந்து கொடுப்பார்கள். கணவன் தனியாக, மனைவி தனியாக வேறு வேறு காலத்தில் எடுத்த படங்களை ஒட்டி ஜோடியாக்குவதும் வழக்கம். தலையைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் மாதிரி ஒரு பூச்சு, மார்போடு கரைந்துபோகும் உடல், இரண்டு பேர் முகத்திலும் எதிரெதிர்த் திசையில் விழும் நிழல், பொருந்தாத தலை அளவு, இவற்றில் இரண்டு இருந்தாலே ஒட்டுப்படம் என்று சந்தேகிக்கலாம். அப்போது உங்களிடம் இரண்டு தேதிகள் இருக்கின்றன: முகம் எடுக்கப்பட்ட தேதி, பிரின்ட் போட்ட தேதி. காகிதமும் முத்திரையும் சொல்வது இரண்டாவதை மட்டும்தான். 1940-ல் எடுத்த தலை 1975 தாளில் இருக்கும். மூலமான குரூப் போட்டோ வேறு எந்தக் கிளையின் வீட்டிலாவது இன்னும் இருக்கக்கூடும், அதைத் தேடுங்கள். அதில்தான் பக்கத்தில் நிற்பவர்கள் இருப்பார்கள்.

இடம் வலம் மாறிய பிரின்டும் உண்டு, நெகட்டிவைத் திருப்பி வைத்துப் போட்டிருப்பார்கள். சட்டைப்பை, கைக்கடிகாரம், பூணூல் மூன்றும் படத்தில் இருப்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். முந்தானையை மட்டும் நம்பாதீர்கள். மடிசாரில் ஐயங்கார் கட்டு இடத்தோளிலும் ஐயர் கட்டு வலத்தோளிலும் போகும். மற்ற பழைய கட்டுகளிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு.

சில வீடுகளில் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் இறந்த பின் எடுத்தது. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் இருந்த காலம் அது. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொண்டார்கள். நாடிக்கட்டு, நெற்றிக்காசு, தளர்ந்து விழுந்த கை, மற்றவர்கள் யாரும் கேமராவைப் பார்த்துச் சாதாரணமாக நிற்காமல் இருப்பது ஆகியவை அடையாளம். ஸ்டுடியோவில் டச்சிங் செய்து கண்ணைத் திறந்த மாதிரி வரைந்துகொடுத்ததும் உண்டு; அப்போது கண் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடக் கூர்மையாக இருக்கும். பார்க்கச் சங்கடம்தான், ஆனால் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. படம் எடுத்த நாள் இறந்த நாளே அல்லது அதற்கு மறுநாள். அன்று ஊரில் இருந்த நெருங்கிய உறவு மொத்தமும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறது. குத்துமதிப்பான ஆண்டு கிடைத்ததும் இறப்புப் பதிவேட்டைத் தேடலாம். 1980 நவம்பரில் ஒழிக்கப்படும் வரை கிராமத்தில் முன்சீப், கர்ணம் பதவிகள் இருந்தன, பிறகு வி.ஏ.ஓ. பழைய கிராமப் பதிவேடுகளைக் கேட்க வேண்டிய இடம் சார் பதிவாளர் அலுவலகம். ஒரே தேதியைச் சொல்லிக் கேட்காமல், ஒரு மூன்று வருஷ இடைவெளியைக் கொடுத்துத் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். பெண்ணின் பெயர் "இன்னார் மனைவி" என்று கணவன் பெயரோடு இருக்கும்.

குரூப் போட்டோ

பெயரே அச்சிட்டு வருகிற ஒரே வகை பள்ளி, அலுவலக குரூப் போட்டோ. எஸ்.எஸ்.எல்.சி. பிரிவுபசாரம், ஹெட்கிளார்க் ரிட்டையர்மென்ட், கூட்டுறவு சங்க ஆண்டு விழா. அட்டையில் "நாற்காலியில் அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்" என்று தொடங்கி, நிற்போர் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, தரையில் இருப்போர், கடைசியில் வராதவர்கள் என்று இருக்கும். எடுத்த எடுப்பில் பெயரையும் முகத்தையும் பொருத்தாதீர்கள். முதலில் தலைகளை எண்ணுங்கள், பிறகு பெயர்களை எண்ணுங்கள். பட்டியல் ஒரு நாள், படம் இன்னொரு நாள் என்பதால் எண்ணிக்கை அடிக்கடி பொருந்தாது. நிற்கும் வரிசையில் ஓரத்தில் நிற்கும் பியூனின் பெயரைச் சில நேரம் போட்டிருக்க மாட்டார்கள், அந்த ஒரு ஆளால் வரிசை முழுவதும் ஓர் இடம் தள்ளிப்போகும். உறுதியாகத் தெரிந்த ஒருவரை, பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஹெட்மாஸ்டரை, நங்கூரமாக வைத்து இரண்டு பக்கமும் எண்ணிப் போங்கள்.

பெயரும் இனிஷியலும் வகுப்பும் கையில் இருந்தால் பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டர் வரை போகலாம். அதில் தகப்பனார் பெயர், தொழில், ஊர், முன்பு படித்த பள்ளி எல்லாம் கிடைக்கும். பிறந்த தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதுக் கணக்குக்காக வாத்தியார் போட்ட ஜூன், ஜூலைத் தேதிகள் அந்தக் காலத்து ரிஜிஸ்டர் முழுக்க இருக்கும்.

அச்சான மலர்களிலும் படமும் பெயரும் சேர்ந்தே கிடைக்கும், ஆனால் அவற்றை யாரும் போட்டோ தொகுப்பு என்று நினைப்பதில்லை. கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர் படம், பள்ளி நூற்றாண்டு மலரில் பழைய மாணவர் படம், சமூகச் சங்க மாநாட்டு மலர், மணிவிழா மலர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மூன்றிலும் ஊர்ப் பெயரோடு "மலர்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஈழத்துக் குடும்பங்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது, 2005 முதல் இயங்குகிறது. அதன் பல்லூடகச் சேகரம் ஆவணகம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31-ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரில், கல்வெட்டு என்று அங்கே சொல்வார்கள், அவரது படம், பிறந்த இறந்த தேதிகள், வாழ்க்கைக் குறிப்பு, பல நேரம் வம்சாவளி மரமே இருக்கும். ஒரு கல்வெட்டு, பத்துப் படங்களுக்குப் பெயர் சொல்லிவிடும்.

மிஷன் ஆவணங்கள் தனி உலகம். பாசல் மிஷன் படங்கள் இணையத்தில் இருக்கின்றன, மலபாரும் நீலகிரியும் அதிகம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்த அமெரிக்க போர்டு என்ற மிஷன் அமைப்பின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில். படத்துக்குக் கீழே பாதிரியார் பெயர் முழுசாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் நம் ஆட்கள் "சுதேசிக் கிறிஸ்தவர்கள்", "பைபிள் பெண்", "ஆயா" என்று மட்டும் இருப்பார்கள். அதனால் சொந்தப் பெயரால் தேடாமல் சபை ஊர், பாதிரியார் பெயர், பள்ளி அல்லது ஆஸ்பத்திரியின் பெயர் வழியாகத் தேட வேண்டும். ஊரையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள்: திருநெல்வேலிக்கு Tinnevelly, திருச்சிக்கு Trichinopoly, நாகப்பட்டினத்துக்கு Negapatam, தூத்துக்குடிக்கு Tuticorin, பாளையங்கோட்டைக்கு Palamcottah. இன்றைய எழுத்தில் தேடி ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது சகஜம்.

அக்கரையில் எடுத்த படங்கள், அதாவது ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சிங்கப்பூர், பெரும்பாலும் போஸ்ட்கார்டு தாளில் வந்தவை. பின்புறம் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி என்று இருந்தால் 1902-க்குப் பிந்தையது. பிரிட்டனில் அந்த முறை வந்த ஆண்டு அது. மலாயாவில் 1948-ல் அவசரநிலையை ஒட்டி அடையாள அட்டை கட்டாயமானது. ஆகவே தோட்டத்தில் இருந்தவர்களின் சின்னஞ்சிறு நேர்முகப் படங்கள் அந்த ஆண்டை ஒட்டி நிறையக் கிடைக்கும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களை இணையத்திலேயே தேடலாம்.

பெரியவர்களிடம் கேட்பது

இத்தனையும் முடித்த பிறகே வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். போன் திரையில் காட்டாமல் ஏ4 அளவில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். மேலே ஒரு ஒளிபுகும் தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். "இது யாரு பாட்டி?" என்று ஆரம்பித்தால் தெரியாத முகத்துக்கும் ஏதாவது ஒரு பெயர் வந்துவிடும். "இது யார் வீட்டுத் திண்ணை?", "இந்த நகையை யார் போட்டிருந்தா?" என்று பொருளிலிருந்து தொடங்குங்கள். நீங்களாக ஒரு பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள்.

உறவுச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வது ஆபத்து. பாட்டி "சின்னம்மா" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது, "யாருக்குச் சின்னம்மா? உங்களுக்கா, அம்மாவுக்கா?" இரண்டுக்கும் ஒரு தலைமுறை வித்தியாசம். பெயரும் அப்படித்தான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வீட்டில் ஒரு "பெரியசாமி" 1890-லும் இன்னொரு "பெரியசாமி" 1945-லும் பிறந்திருப்பார்கள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதென்று அந்தப் பெயர் வைத்த குழந்தையை வீட்டில் வேறு பெயரில் அழைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரோடும் மனைவி பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக உட்கார வைத்தால் குரல் உயர்ந்தவர் சொல்வதே முடிவாகும்.

நகலெடுப்பது பற்றிச் சுருக்கமாக. கேபினட் அளவுக்கு 600 டிபிஐ, 6 x 6 சதுரத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் 1200, கோப்பு டிஃப் (TIFF) வடிவில். முன்பக்கம், பின்பக்கம், அட்டை விளிம்பு மூன்றையும் எடுங்கள். விளிம்பை வெட்டிவிட்டுச் சேமிக்காதீர்கள். வெள்ளிப் பளபளப்பு ஏறிய படம் ஸ்கேனரில் கண்ணாடி போல மின்னும். அதை ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் கேமராவால் எடுப்பது மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், படுதாவின் மடிப்பு மறைந்துபோகும். முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனையாக வரைகின்றன. அந்த முகத்தை வைத்து மூக்கை ஒப்பிடுவது வீண். அதைப் பிறந்தநாள் வாழ்த்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆவணக் கோப்புறையில் சேர்க்கக்கூடாது. பழைய தாளின் பின்புறம் எழுத 2பி பென்சில் போதும், பேனா வேண்டாம். 70-களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து படத்தோடு நாப்தலின் உருண்டை போடுவதைவிடக் காற்றோட்டமுள்ள பீரோவின் நடுத்தட்டில் வைப்பது நல்லது.

குறிப்பு எழுதும்போது எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்து எழுதுங்கள். "4-ஆம் எண்: முத்திரை, படுதா வழியாக ஊர் உறுதி; 1950–55; பெயர் ஒரு பெரியவர் சொன்னது, மற்றவர் மறுத்தார்." ஆவணத் தொகுப்பில் உங்கள் வீட்டு ஆளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு எழுதினாலும் இதே மாதிரிதான் எழுத வேண்டும். படத்தின் குறியீட்டு எண், எத்தனையாவது ஆள், எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்பதோடு உங்களிடமுள்ள ஒப்பீட்டுப் படத்தையும் இணைத்தால் அவர்கள் பதிவைத் திருத்த முடியும். உரிமை பற்றிக் கேட்பவர்களுக்கு: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் இறந்த பின் எடுத்த படத்தையும், இன்னொரு கிளையின் பெண்களைத் தனியாகக் காட்டும் படத்தையும் அந்த வீட்டில் கேட்காமல் இணையத்தில் போட வேண்டாம்.